ஊரறிந்த உடல்

கைபேசிக்கு அவ்வப்போது வந்து சேரும் ஒருவகைப் படம் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எந்த ஊர் ஆஸ்பத்திரி, யார் எடுத்தது என்ற விவரம் எதுவும் இருக்காது. பச்சைத் துணி விரித்த மேஜைமேல் ஒரு கை கிடக்கும். அல்லது வெளிச்சப் பெட்டியில் மாட்டிய எக்ஸ்ரே ஒன்றில், முறிந்த எலும்பின் இரு நுனிகளும் ஒன்றையொன்று தாண்டி நிற்கும். அடியில் இரண்டு வரி: நாலு மணி நேரம் போராடி இரண்டு விரல்களைக் காப்பாற்றிவிட்டோம், ஆண்டவனுக்கு நன்றி. முகம் இல்லை, பெயர் இல்லை. கும்பிடும் கைகளும் சிவப்பு இதயங்களும் வரிசையாக வந்து விழும். அனுப்பியவர் கெட்டவர் இல்லை. அன்று தன்னால் ஒருவருக்கு ஆன நன்மையை யாரிடமாவது சொல்லாமல் உறங்க முடியாதவர். விதியைப் புரட்டிப் பார்த்தாலும் அவர்மேல் குற்றம் காண்பது கடினம். ஆனாலும் அந்தக் கையைப் பார்த்த கணத்தில், பார்க்க அனுமதி இல்லாத ஓர் அறைக்குள் தலையை நீட்டிவிட்ட கூச்சம் வருகிறது. அந்தக் கைக்குரியவர் இன்னும் மயக்கம் தெளியாமல் கிடக்கலாம். எந்த விரல் போயிற்று, எது பிழைத்தது என்பது அவருக்கே தெரியாதிருக்கலாம். அவருக்கு முன்பாக எனக்குத் தெரிந்துவிட்டது. இதில் எது தவறு என்று கேட்டால் சட்டென்று சொல்ல வரவில்லை. இந்தப் படம் நெய்வேலியில் எடுக்கப்பட்டதாக இருந்தால் என்று நினைத்துப் பார்க்கும்போதுதான் அந்தத் தவறு உருவம் கொள்ளத் தொடங்குகிறது.

நெய்வேலி டவுன்ஷிப் மற்ற ஊர்களைப்போல் தானாக வளர்ந்த ஊர் இல்லை. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. சுரங்கத்துக்கு நிலம் விட்ட கிராமங்கள் ஒருபுறம் பெயர்ந்து போக, மறுபுறம் எண்ணிட்ட பிளாக்குகளும் நேர்கோட்டுச் சாலைகளும் மரநிழலுமாகக் குடியிருப்பு எழுந்தது. ஒருவர் எந்த வகைக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார் என்று தெரிந்தால் அவருடைய வேலைநிலையும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். பள்ளி, கடைவீதி, மைதானம், ஆஸ்பத்திரி எல்லாமே நிறுவனத்தைச் சுற்றி அமைந்தவை. ஊசி போடும் சிஸ்டரின் கணவர் தெர்மலில் இருப்பார். ரத்தம் எடுத்தவரின் மகளும் படுக்கையில் கிடப்பவரின் மகளும் ஒரே வகுப்பில் படிப்பார்கள். படுத்திருப்பவரின் மேலதிகாரி இரண்டு தெரு தள்ளி வசிப்பார். இப்படிப்பட்ட இடத்தில் அந்தப் படத்துக்கு முகம் தேவைப்படாது. நகக்கண்ணில் அடைந்திருக்கும் கரித்தூளும் மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறும் போதும். மைன்ஸ் பக்கமிருந்து எந்த ஷிப்டில் ஆம்புலன்ஸ் வந்தது என்பதைப் பத்துப் பேராவது பார்த்திருப்பார்கள். மறுநாள் யார் வேலைக்கு வரவில்லை என்பது உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு துணுக்கும் ஒவ்வொருவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, படம் வந்து அவற்றை இணைத்துவிடுகிறது. பொழுது சாய்வதற்குள் மந்தாரக்குப்பம் டீக்கடையில் அந்தக் கைக்குப் பெயர் வந்துவிடும்.

பெயர் வந்தால் என்ன, நாலு பேர் விசாரிப்பார்கள், பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள் என்று சொல்லலாம். அதுவும் உண்மை. நோயாளியைப் போய்ப் பார்ப்பது நம்மிடையே கடமையாகவே இருந்துவருகிறது. யாருக்கும் தெரியாமல் நோயில் கிடப்பதைப் பெருங்கொடுமையாக எண்ணுகிறவர்கள் நாம். அந்தரங்கம் என்ற பேச்சே நகரத்துக்காரர்களின் சொகுசோ என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரே நிறுவனம் சோறு போடும் ஊரில் உடம்பைப் பற்றிய செய்தி வேலையைப் பற்றிய செய்தியும் ஆகிவிடுகிறது. சுரங்கத் தொழிலாளிக்குக் குறித்த கால இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது சுரங்க விதி. அவரைக் காப்பதற்காக ஏற்பட்ட விதிதான். ஆனால் அதே பரிசோதனையைத்தான் அன்ஃபிட் என்ற சொல்லுக்குப் பயந்து ஒருவர் நெஞ்சு படபடக்க எதிர்கொள்கிறார். பர்மனென்ட் தொழிலாளிக்காவது மாற்று வேலை, ஓய்வூதியம் என்று பற்றிக்கொள்ளச் சில உண்டு. நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு தடவை வலிப்பு வந்ததென்ற பேச்சு பரவினாலே போதும். காது மந்தமாவது, இருமலில் ரத்தம் வருவது, இரவில் உறக்கமின்றி மாத்திரை தின்பது ஆகியவற்றில் எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்று அவர் மனக்கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. ஒரு படமோ ஒரு வரியோ வெளியே போகும்போது அந்தக் கணக்கை அவர் கையிலிருந்து வேறொருவர் பிடுங்கிக்கொள்கிறார். அன்போடு பிடுங்கினாலும் பிடுங்கியது பிடுங்கியதுதான்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளில் 7.17 என்று எண்ணிட்ட ஒன்று உண்டு. நோயாளி இன்னார் என்று தெரியும்படி அவருடைய படத்தையோ நோய் விவரத்தையோ அவர் அனுமதியின்றி மருத்துவ இதழிலும் பிற இதழ்களிலும் மருத்துவர் வெளியிடக் கூடாது என்கிறது அது. தொடர்ந்து, அடையாளம் வெளிப்படாதென்றால் ஒப்புதல் தேவையில்லை என்றும் சொல்லிவிடுகிறது. என்னை அலைக்கழிக்கும் படங்கள் எல்லாம் இந்தக் கடைசி வாசகத்தின் வழியாகத்தான் நுழைந்து வருகின்றன. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் மனத்தில் இருந்தது அச்சிட்ட இதழ். வேலூரில் அறுவை செய்யப்பட்ட ஒரு முழங்காலை டெல்லியில் ஒரு மருத்துவர் நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். அவருக்கு அது வெறும் முழங்கால். அந்த நோயாளியை இத்தனை காலம் காத்தது கண்கள்மேல் ஒட்டிய கறுப்புப் பட்டையைவிட வேலூருக்கும் டெல்லிக்கும் இடையே இருந்த தூரம்தான் என்று இப்போது தோன்றுகிறது. கண்ணை மட்டும் மறைப்பது போதாது என்பதை மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவே தன் நெறிமுறைகளில் சொல்லியிருக்கிறது. இன்றைய படம் தொலைவிலிருப்பவரைவிட வேகமாக அக்கம்பக்கத்தாரிடம் போகிறது. தெருவுக்கொரு குழு, பள்ளியில் உடன் படித்தவர்களுக்கொரு குழு, கோயில் திருவிழாவுக்கொரு குழு என்று வாட்ஸ்அப் பிணைத்து வைத்திருப்பது யாருக்கு அந்தக் கையை அடையாளம் தெரியுமோ அவர்களைத்தான். டெல்லியில் பார்ப்பவருக்குத் தெரியாது என்பது நெய்வேலிக்காரருக்கு எந்த ஆறுதலையும் தராது.

2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் புதிய நடத்தை விதிகளை வெளியிட்டது. சமூக ஊடகத்துக்கென்றே அதில் ஒரு பகுதி இருந்தது. நோயாளிகளின் படங்களையும் ஸ்கேன்களையும் பதிவேற்றக் கூடாது, குணமானவரை விளம்பரமாக்கக் கூடாது, காசு கொடுத்து லைக்கும் பின்தொடர்வோரும் சேர்க்கக் கூடாது என்றெல்லாம் சொன்னது. வேறு சில பிரிவுகளுக்கு, குறிப்பாக மருந்தின் மூலப்பெயரைத்தான் எழுத வேண்டும் என்பதற்கு, எழுந்த எதிர்ப்பில் அந்த விதிகள் முழுவதும் அதே மாதம் 23ஆம் தேதி நிறுத்திவைக்கப்பட்டன. மீண்டும் 2002க்கே திரும்பினோம். விதி எதுவானாலும் அது பதிவுபெற்ற மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும். வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்தபோது நோயாளி, மருத்துவர், மருந்து இவற்றோடு அருகிலிருந்து பார்த்துக்கொள்பவரையும் சமமாக வைத்தார். இன்றைய மருத்துவமனையில் அந்த நான்காமவர் பல பேர்: ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீசியன், எக்ஸ்ரே எடுப்பவர், வார்டு பாய், ஆயா, ஆம்புலன்ஸ் டிரைவர், வாசலில் பெயர் எழுதும் செக்யூரிட்டி. நோயாளியின் உடலை அதிகம் பார்ப்பவர்கள் இவர்கள்தான். மருத்துவர் வந்து நிற்பது சில நிமிடம், ஆயா உடனிருப்பது இரவு முழுவதும். தான் பார்த்ததற்குத் தானும் காவலாள் என்ற பொறுப்பையும் அதற்குரிய மரியாதையையும் ஆயாவுக்கு யார் கற்றுத்தருகிறார்கள்? சுற்றறிக்கை ஒன்றில் கையெழுத்து வாங்குவதோடு பெரும்பாலும் அந்தக் கல்வி முடிந்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியும் மீறல்கள் தண்டிக்கப்படுகின்றன. 2024 பிப்ரவரியில் கர்நாடகத்தின் கதக் மருத்துவக் கல்லூரியில் ரீல்ஸ் எடுத்த 38 மாணவர்கள்மேல் நடவடிக்கை பாய்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டருக்குள் பிரபல யூடியூபர் ஒருவர் தம் குழந்தையின் தொப்புள்கொடியை வெட்டும் காணொளி வெளியானபோது சுகாதாரத் துறை தலையிட்டு மருத்துவமனைமேல் நடவடிக்கை எடுத்தது. தேவையான நடவடிக்கைகள்தாம். ஆனால் என் மனம் அவற்றில் தங்கவில்லை. பாட்டும் ஆட்டமும் ஊர் முழுக்கப் பார்க்கும்படி நடந்தவை, அதனால் பிடிபட்டன. ஒரு பிளாக்கின் குழுவுக்குள் இரக்கத்தோடு பகிரப்படும் செய்தியை யாரும் பிடிப்பதில்லை. ‘நம்ம பக்கத்துத் தெரு அண்ணனுக்குக் கிட்னி ஃபெயிலியராம், பிரார்த்தனை செய்யுங்கள்’ என்ற வரிக்கு எந்த ஆணையமும் நோட்டீஸ் அனுப்பாது. ரத்தம் வேண்டும் என்ற அறிவிப்பிலும் இதுதான் நடக்கிறது. ரத்த வகை, இடம், பேசவேண்டிய எண் இருந்தால் போதும். அவற்றோடு நோயாளியின் பெயர், வயது, வார்டு, என்ன நோய் என்பதும் சேர்ந்தே போகிறது. ரத்தம் கிடைத்து, அவர் தேறி வீடு திரும்பிய பிறகும் அந்த அறிவிப்பு மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பணியாளர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது நியாயமா என்ற கேள்வியும் என்னை விடுவதில்லை. ஆஸ்பத்திரிப் படத்துக்கு ஏங்குகிற கண்கள் நம்முடையவை. 1967 ஜனவரியில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளான எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு இருக்கும் படம் அந்த ஆண்டுத் தேர்தலின் சுவர்களை நிறைத்தது. 1984இல் அவர் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபோது எடுத்த காட்சிகள் வாக்காளர்களுக்குத் திரையிடப்பட்டன. 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை, 75 நாட்கள், மருத்துவமனையிலிருந்த ஜெயலலிதாவின் ஒரு படத்துக்காகத் தமிழ்நாடே காத்திருந்தது. வராத படத்தையே சதிக்குச் சான்றாகப் பேசியது. ஓராண்டு கழித்து, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முந்தின நாள், அவர் படுக்கையில் சாய்ந்து பழச்சாறு அருந்தும் காணொளி வெளிவந்தது. வாழ்நாள் முழுவதும் தன் தோற்றத்தின்மேல் அத்தனை கவனம் வைத்திருந்த ஒருவர், தான் தேர்ந்தெடுக்காத உடையில், தேர்ந்தெடுக்காத கோணத்தில் எல்லோர் வீட்டுக்குள்ளும் வந்தார். நாட்டை ஆள்பவரின் உடல்நிலையை அறியக் குடிகளுக்கு உரிமை உண்டென்றே நினைக்கிறேன். ஆனால் அந்த உரிமை தெளிவான, பொறுப்புள்ள மருத்துவ அறிக்கைகளில் நிறைவேறியிருக்க வேண்டும், சாய்ந்து கிடந்த ஒரு பெண்ணின் கால்களைப் பார்ப்பதில் நிறைவேறுவதில்லை. நம்பகமான சொல் கிடைக்காத இடத்தில் மக்கள் படத்தைக் கேட்கிறார்கள். பார்த்தால்தான் நம்புவோம் என்ற அந்தப் பழக்கத்தை முதலமைச்சர்களிடம் கற்றுக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடமும் காட்டுகிறோம்.

2020 ஜூலை 1ஆம் தேதி காலை நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஐந்தாம் அலகில் கொதிகலன் வெடித்தது. அன்றே 6 பேர் இறந்தார்கள். தீக்காயம்பட்டவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள், அடுத்தடுத்த நாட்களில் சாவு எண்ணிக்கை கூடியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 7ஆம் தேதிதான், அதே நிலையத்தின் ஆறாம் அலகில் வெடிப்பு நடந்து உயிர்கள் போயிருந்தன. கொரோனா ஊரடங்கில் ஊரே கைபேசிக்குள் அடைபட்டிருந்த காலம் அது. ஷிப்டுக்குப் போனவர் போனை எடுக்கவில்லை என்றால் வீட்டிலிருப்பவர் என்ன செய்வார்? வருகிற ஒவ்வொரு படத்தையும் விரல்களால் விரித்துப் பெரிதாக்கிப் பார்ப்பார். தீயில் முகம் தெரியாமல் போயிருக்கும். பூட்ஸ், பெல்ட், கைக்கடிகாரம், காலையில் தானே பட்டன் தைத்துக் கொடுத்த சட்டை என்று தேடுவார். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் கதவருகே, காஷுவாலிட்டி வாசலில், ஸ்ட்ரெச்சர் பிடித்தவர் கையில் என்ன இருக்கிறது என்பது மிகப்பெரிய விஷயம். ஒருவருடைய சாவும் காயமும் அவர் வீட்டுக்கு எந்த வழியாக, யார் குரலில், எந்தச் சொற்களில் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதற்கென்று மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பாக ஒரு படம் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த வீடு செய்தியைத் தனியாக, வெறும் திரையின் முன்னால் வாங்கிக்கொள்கிறது. அடையாளம் தெரிந்ததா இல்லையா என்பதைவிட, யார் முதலில் அறிய வேண்டியவர் என்பதுதான் என் உறுத்தலின் மையம் என்று இங்கேதான் புரிந்துகொண்டேன்.

இப்படிச் சொன்னதும் எதிர்த்தரப்பு எனக்குள்ளேயே எழுந்துவிடுகிறது. வாயை மூடு என்று பணியாளரிடம் சொல்வதில் மகிழ்பவர்கள் நோயாளிகள் மட்டும்தானா? 2019 டிசம்பர் 30ஆம் தேதி வூகானில் லீ வென்லியாங் என்ற கண் மருத்துவர் ஒரு குழுவில் புதிய தொற்றைப் பற்றிச் சக மருத்துவர்களை எச்சரித்தார். காவல் துறை அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. பிப்ரவரி 7ஆம் தேதி அதே தொற்றில் அவர் இறந்தார். ஆந்திரத்தில் நர்சிப்பட்டினம் மருத்துவமனையின் மயக்கவியல் மருத்துவர் சுதாகர், மாஸ்க் போதவில்லை என்று 2020 ஏப்ரலில் வெளிப்படையாகச் சொன்னதும் இடைநீக்கம் செய்யப்பட்டார். அடுத்த மாதம் விசாகப்பட்டினம் சாலையில், மேலாடையின்றிக் கைகள் பின்னால் கட்டப்பட்ட நிலையில் போலீஸ் அவரை இழுத்துச் செல்லும் காணொளி நாடெங்கும் ஓடியது. 2021 மே மாதம் அவர் மாண்டார். ஒரே மனிதரின் வாழ்வில் இரண்டும் நடந்திருக்கின்றன: சொல்ல வேண்டியதைச் சொன்னதற்கு வாய் அடைக்கப்பட்டது, காட்டக் கூடாத நிலையில் உடல் காட்டப்பட்டது. மாஸ்க் இல்லை, கட்டில் இல்லை, இரவில் ஐம்பது பேருக்கு ஒரே நர்ஸ் என்று பணியாளர் வெளியே சொன்னால் அங்கே அம்பலமாவது நிர்வாகம். அந்தப் பேச்சை நாம் காக்க வேண்டும். கூடத் துணைக்கும் நிற்க வேண்டும். அதைச் சொல்ல ஒரு நோயாளியின் புண்ணையோ அழுகையையோ சான்றாக வைக்க வேண்டியதில்லை, காலி அலமாரியின் படம் போதும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டபோது எழுந்த கோபம் நீதியானது. ஆனால் அவருக்காகப் போராடியவர்கள் கைவழியாகவும் அவருடைய பெயரும் படமும் பரவின. அவற்றை நீக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. நியாயமான கோபத்துக்குக்கூட இந்த எல்லை மங்கலாகத்தான் தெரிகிறது.

பதிவிடும் பணியாளர்மேல் எனக்கு வருத்தம் உண்டே தவிரக் கோபம் இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து, கிருமிநாசினி வாடை போகாத கைகளோடு விடியலில் வீடு திரும்பும் ஒரு சிஸ்டர், பார்த்ததை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பார்? வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஹெட் நர்ஸ் அடுத்த ஷிப்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். கையில் போன் இருக்கிறது, அதில் இருநூறு பேர் விழித்திருக்கிறார்கள். 1950களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலிண்ட் சில மருத்துவர்களை வாரந்தோறும் ஒரு மூடிய அறையில் கூட்டினார். மனத்தில் சிக்கிக்கொண்ட ஒரு நோயாளியைப் பற்றி அவர்கள் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பாலிண்ட் குழுக்கள் என்ற பெயரில் அந்த முறை இன்றும் பல நாடுகளில் வாழ்கிறது. நம் மருத்துவமனைகளில் நர்ஸும் டெக்னீசியனும் ஆயாவும் டிரைவரும் மாதம் ஒருமுறையாவது அப்படி உட்கார ஓர் அறை வேண்டும். பேச இடம் தராமல் பேசாதே என்று மட்டும் சொல்லும் உத்தரவு மனிதர்களைப் புரிந்துகொண்டு எழுதியது ஆகாது.

தன் நோய் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சுபவர் என்ன செய்கிறார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கையில் காசிருந்தால் கடலூருக்கோ பாண்டிச்சேரிக்கோ பஸ் ஏறி, தன்னை அறியாத மருத்துவரிடம் காட்டுகிறார். இழந்த தூரத்தைப் பயணச்சீட்டு கொடுத்து வாங்குகிறார். ஒருநாள் கூலியை விட முடியாத ஒப்பந்தத் தொழிலாளி அதையும் வாங்க முடியாமல் மார்வலியை வாயுத் தொல்லை என்று சொல்லிக்கொண்டு அடுத்த ஷிப்டுக்குப் போகிறார். ஆகவே வார்டில் பார்த்ததை வார்டோடு விடுவது வைத்தியத்துக்கு அலங்காரமாக வந்த ஒழுக்கம் இல்லை, வைத்தியத்திலேயே ஒரு பகுதி. அது தவறினால் மருந்து நோயாளியைச் சென்றடையாது. படம் எடுக்குமுன் இவரை யாருக்காவது தெரியுமா என்று கேட்பதை விட்டுவிடலாம், இந்த ஊரில் அதற்கு விடை எப்போதும் ஆம்தான். இதைச் சொல்ல வேண்டியவர் நானா, அவரா என்று கேட்டால் பெரும்பாலான நேரங்களில் தயக்கமின்றி விடை கிடைக்கும். நம் பங்குக்கு, அப்படியொரு படம் குழுவில் வந்து விழும்போது இதயம் போடாமல், அனுப்பியவரைத் தனியாக அழைத்து, தம்பி, அந்தப் படத்தை எடுத்துவிடு, அவர் வீட்டில் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லலாம். அவர் வருந்தலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நாளை அந்த மேஜைமேல் கிடக்கப்போகும் கை யாருடையது என்பது நம்மில் யாருக்கும் தெரியாது.